சோலார் பெட்டியில் "ஐபி 65" என்று எழுதியிருந்தால் போதுமா?

மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் பேனலின் பெயரைக் கேட்கிறார்கள், இன்வெர்ட்டரின் பெயரைக் கேட்கிறார்கள், மானியம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியதிலிருந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்ற கணக்கு பலருக்கு மனப்பாடம். பேனலிலிருந்து இறங்கும் கம்பிகள் எந்தப் பெட்டிக்குள் போகின்றன என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. விலைப்புள்ளியில் அது "டிசிடிபி, ஏசிடிபி – 1 செட்" (நேர்மின்சாரப் பெட்டி, மாறுமின்சாரப் பெட்டி) என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வெயில், மழை, உப்புக் காற்று, பல்லி, எறும்பு எல்லாவற்றுக்கும் நடுவில் உயர் மின்னழுத்தத்தை அடைத்து வைத்திருப்பது அந்த ஒரு வரியில் உள்ள பொருள்தான். மொத்தச் செலவில் அதன் பங்கு சில ஆயிரம் ரூபாய். ஆனால் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் வாங்கிவிட்டு, அதன் வாசலில் இரண்டே மழைக்காலம் தாங்கும் பெட்டியை மாட்டுவதில் எந்த லாபமும் இல்லை.

முதலில் இந்தப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். 540 வாட் பேனல்கள் ஆறு சேர்ந்தால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வரும். சுமை இல்லாத நிலையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 வோல்ட் தரும். ஆறையும் தொடராக இணைத்தால் 300 வோல்ட் நேர்மின்சாரம். அந்த இரு கம்பிகளும் முதலில் நுழையும் பெட்டி டிசிடிபி. அதற்குள், மின்னோட்டம் மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் ஓர் எம்சிபியோ ஃபியூஸோ இருக்கும். மின்னலால் வரும் திடீர் மிகையழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் எஸ்பிடி இருக்கும். அங்கிருந்து இன்வெர்ட்டருக்குப் போய், 230 வோல்ட் மாறுமின்சாரமாக வெளியே வந்து, ஏசிடிபி வழியாக மீட்டரை அடைகிறது. தொழிற்சாலைக் கூரைகளில் பல பேனல் வரிசைகளை ஒன்றுசேர்க்கும் காம்பைனர் பெட்டிகள் உண்டு. அங்கே அழுத்தம் 1,000 வோல்ட் வரை போகும். பெரிய சோலார் பூங்காக்களில் 1,500 வரை.

இவற்றில் அதிகக் கவனம் கேட்பது நேர்மின்சாரப் பெட்டி. நம் வீட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுத் திரும்புகிறது. எங்காவது தீப்பொறி தாவினாலும், அந்தச் சுழிக் கணத்தில் அணைந்துபோக அதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. நேர்மின்சாரத்தில் அந்த வாய்ப்பு கிடையாது. தளர்ந்த திருகிலோ ஈரம் படிந்த முனையிலோ ஒருமுறை பொறி பற்றினால், இடைவெளி போதிய அளவு பெரிதாகும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். சூரியன் இருக்கும்வரை பேனலை நிறுத்தவும் முடியாது; இன்வெர்ட்டரை அணைத்த பிறகும் பேனலிலிருந்து வரும் கம்பியில் அந்த 300 வோல்ட் அப்படியே இருக்கும். ஈரத்தை வெளியே நிறுத்துவதும், உள்ளே தவறு நேர்ந்தால் தீயைப் பரவவிடாமல் தடுப்பதும் பெட்டியின் வேலை.

ஐபி எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

ஐபி என்பது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிலையின் குறியீடு. இந்தியாவும் அதையே ஏற்றிருக்கிறது. முதல் இலக்கம் திடப்பொருளைப் பற்றியது. 2 என்றால் விரல் நுழையாது, 4 என்றால் 1 மில்லிமீட்டர் கம்பி நுழையாது, 5 என்றால் தூசி சிறிது புகலாம், ஆனால் கருவியைக் கெடுக்காது, 6 என்றால் தூசி அறவே புகாது. இரண்டாவது இலக்கம் தண்ணீரைப் பற்றியது. 4 என்றால் தெறிக்கும் நீர். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் எல்லாப் பக்கமும் பீய்ச்சும் நீர். 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் முனை, நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கியிருத்தல். மூழ்கும் சோதனையில் தேறிய பெட்டி பீய்ச்சும் சோதனையிலும் தேறும் என்று பொருளில்லை. இரண்டும் தனித்தனிச் சோதனைகள். சோலார் பெட்டி குளத்தில் மூழ்கப்போவதில்லை. அதனால் 67 என்ற பெரிய எண்ணைக் கண்டு கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

திறந்த வெளியில் வைக்கும் சோலார் பெட்டிக்கு ஐபி 65 என்பது பொதுவாகக் கேட்கப்படும் குறைந்தபட்சம். கடற்கரை மாவட்டங்களில் 66 கேட்பது நல்லது. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது டெல்டாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், புயல் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் அறைகிறது.

இந்த எண் சொல்லாதவைதாம் நமக்கு அதிகத் தொல்லை தருபவை. வெயிலில் ஐந்து ஆண்டு நின்ற பிறகு மூடி விரிசல் விடுமா என்று ஐபி சோதனை பார்ப்பதில்லை. உப்புக் காற்றில் துருப்பிடிக்குமா, உள்ளே எவ்வளவு சூடாகும், தீ பிடித்தால் எரியுமா என்பதும் அதில் வராது. சோதனை நடப்பது புதுப் பெட்டியில், நல்ல தண்ணீரில். இன்னொரு நிபந்தனையும் உண்டு. பீய்ச்சும் தண்ணீருக்கும் பெட்டிக்கும் வெப்ப வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தத் தரநிலை.

நம் மொட்டை மாடியில் நடப்பது இதற்கு நேர்மாறு. மே மாதப் பகலில் வெயில் படும் பெட்டிக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நான்கு மணிக்குக் கோடை மழை திடீரென்று அடிக்கிறது. சில நிமிடங்களில் பெட்டி குளிர்கிறது. உள்ளே இருந்த காற்று சுருங்குகிறது. சுடுசோற்றை டிபன் பாக்ஸில் போட்டு இறுக மூடினால், ஆறிய பிறகு மூடி திறக்க வராது அல்லவா? அதே உறிஞ்சல்தான். பெட்டிக்குள் அழுத்தம் குறைந்த அந்த நேரத்தில் மூடியின் விளிம்பில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. மூடி விளிம்பை அடைக்கும் ரப்பரான கேஸ்கட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஈரம் உள்ளே இழுக்கப்படும். உள்ளே போன ஈரம் மறுநாள் வெயிலில் ஆவியாகி, இரவில் மூடியின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து, எம்சிபியின் தலையில் சொட்டுகிறது. "ஐபி 65 பெட்டிதானே, தண்ணீர் எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதற்குத் தீர்வு பெட்டியை இன்னும் இறுக அடைப்பது என்று தோன்றும். காற்றையும் ஆவியையும் விட்டு, தண்ணீரைத் தடுக்கும் சவ்வு பொருத்திய சுவாச அடைப்பான் என்ற சிறிய பொருளே சரியான தீர்வு. பெட்டியின் அடிப்பக்கத்திலோ பக்கவாட்டிலோ, கம்பி நுழையும் துளையை அடைக்கும் கிளாண்டின் அளவில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிவிடுவதால் உறிஞ்சல் நிற்கும். வீட்டு டிசிடிபிக்களில் இதைக் காண்பது அரிது. வெயிலில் நிற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இது வேண்டும் என்பதே என் கருத்து.

வெயிலும் நிழலும்

சூட்டால் ஈரம் மட்டும் வருவதில்லை. வீட்டு உபயோக எம்சிபியின் அளவு 30 டிகிரி சூழலுக்குக் குறிக்கப்படுகிறது. 60 டிகிரிப் பெட்டிக்குள் அது குறித்த மின்னோட்டத்தைத் தாங்காது, முன்பே விழும். மத்தியானம் வெயில் உச்சத்தில் இருக்கும்போது, அதாவது உற்பத்தி மிக அதிகமாக இருக்கும் வேளையில், எம்சிபி விழுந்து கிடக்கிறது என்ற புகாரில் பல நேரம் குற்றவாளி இந்தச் சூடுதான். ஆகவே பெட்டியை ஓரளவு பெரிதாக வாங்குங்கள். உள்ளே எம்சிபிக்களை நெருக்கியடிக்காமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். நிறம் வெளிர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருக்கட்டும், கறுப்பு வேண்டாம்.

இடத்தேர்வில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று நினைத்து அங்கே மாட்டுகிறார்கள். தமிழ்நாடு 8 முதல் 13 பாகை அட்சரேகையில் இருப்பதால், கோடையில் சூரியன் நம் தலைக்கு மேலே வந்து வடக்கேயும் சாய்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். அக்னி நட்சத்திர வெயில் வடக்குச் சுவரிலும் அடிக்கும். மேற்குச் சுவர் இன்னும் மோசம். பேனல் தாங்கியின் அடியிலோ, படிக்கட்டு அறைக்குள்ளோ, சன்ஷேடின் கீழோ வைப்பது நல்லது. அதற்கு வழியில்லையென்றால் மேலே ஒரு தகர மறைப்பு போட்டுவிடுங்கள். அதற்கும் பெட்டிக்கும் நடுவே காற்று போக இடம் இருக்க வேண்டும்.

எந்தப் பொருளில் செய்தது?

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை: ஏபிஎஸ் பிளாஸ்டிக், பாலிகார்பனேட், கண்ணாடியிழை கலந்த எஃப்ஆர்பி, பவுடர் கோட்டிங் செய்த இரும்புத் தகடு. எவர்சில்வர் பெட்டி கேட்டால் செய்து தருவார்கள்.

ஏபிஎஸ் மலிவு, வீட்டுக்குள் வைக்க நல்லது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாத ஏபிஎஸ் வெயிலில் மஞ்சளித்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் மாவு ஒட்டி, கடைசியில் திருகு முடுக்கும் இடத்தில் விரியும். புற ஊதாக் கதிருக்கு எதிராகப் பதப்படுத்திய பாலிகார்பனேட் வெளியிடத்துக்கு ஏற்றது. அடி தாங்கும், துருப்பிடிக்காது. மின்கடத்தாப் பொருள் என்பதால், உள்ளே கம்பி கழன்று பெட்டியில் பட்டாலும் வெளியே தொடுபவருக்கு ஆபத்தில்லை. எஃப்ஆர்பியும் உறுதியானது, சூட்டை நன்றாகத் தாங்கும். பல ஆண்டு வெயிலுக்குப் பின் மேற்பூச்சு தேய்ந்து இழைகள் வெளியே தெரியலாம், கையில் பட்டால் அரிக்கும்.

இரும்புப் பெட்டி பார்க்க உறுதியாக இருக்கும், தீப்பிடிக்காது, சூட்டையும் வெளியே கடத்தும். உள்மாவட்டங்களில் தொழிற்சாலைச் சுவருக்கு அதுவே போதும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, திருவான்மியூர் என்று உப்புக் காற்று எட்டும் இடங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பவுடர் கோட்டிங் முழுதாக இருக்கும்வரை துரு வராது. ஆனால் கம்பி நுழைக்கத் துளை போட்டவுடன் அந்தத் துளையின் விளிம்பில் பூச்சில்லாத வெற்று இரும்பு வெளியே தெரிகிறது. அங்கே ஆரம்பிக்கும் துரு, பூச்சின் அடியிலேயே ஊர்ந்து, மேலே கொப்புளமாகக் கிளம்பும். எவர்சில்வர் என்றால் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம். 304 ரகத்தில் கடலோரத்தில் பழுப்புக் கறை படியும். மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் அங்கே நிற்கும், விலை கூடுதல். வீட்டு அளவில் பாலிகார்பனேட்டே கடலோரத்துக்குச் சிக்கனமான சரியான தேர்வு. எந்த உலோகப் பெட்டியாக இருந்தாலும் உடலுக்கும் கதவுக்கும் எர்த் இணைப்பு கட்டாயம். கதவுக்கு வளையும் கம்பியில் தனி இணைப்பு வேண்டும், கீலை நம்பக்கூடாது.

பிளாஸ்டிக் பெட்டி வாங்கும்போது தீத்தடுப்புத் தகுதியையும் கேளுங்கள். யுஎல் 94 சோதனையில் வி-0 என்பது, நெருப்பை விலக்கியதும் பொருள் தானாக விரைவில் அணைந்துவிடும் என்பதன் அடையாளம்.

துளை போடும் நேரம்

பெட்டியின் தகுதி முழுதும் காப்பாற்றப்படுவதோ இழக்கப்படுவதோ மாடியில், டிரில் மெஷின் கையில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான். நீங்கள் வீட்டில் இருந்தால் அந்த வேளையில் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

முதலில் சுவரில் பொருத்துவது. நல்ல பெட்டிகளில் திருகுத் துளைகள் கேஸ்கட் வட்டத்துக்கு வெளியே, நான்கு மூலைகளில் தனியாக இருக்கும். அல்லது வெளிக்காதுகள் தருவார்கள். அவசரத்தில் பெட்டியின் முதுகிலேயே உள்ளிருந்து துளைத்து முடுக்கிவிடுபவர்கள் உண்டு. சுவரில் வழியும் நீர் அந்தத் திருகைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும்.

அடுத்தது கம்பி நுழைவு. எல்லாக் கம்பிகளும் அடிப்பக்கத்திலிருந்தே நுழைய வேண்டும். மேலே துளையிட்டால், எவ்வளவு நல்ல கிளாண்டு போட்டாலும், நீர் அங்கே தேங்கி நிற்கும். கம்பி நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டு வளைத்தால், கம்பியோடு ஓடி வரும் துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

கேபிள் கிளாண்டைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம். தலையை முடுக்கும்போது அது சுருங்கிக் கம்பியைச் சுற்றிப் பிடிக்கிறது. 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கம்பியின் வெளிவிட்டம் 5 முதல் 6 மில்லிமீட்டர்தான். அதற்கு எம்25 என்ற பெரிய அளவுக் கிளாண்டு போட்டால், முழுக்க முடுக்கினாலும் ரப்பர் கம்பியைத் தொடாது. அதைவிட அடிக்கடி நடப்பது, ஒரே கிளாண்டுக்குள் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் சேர்த்து நுழைப்பது. இரண்டு உருண்டைகள் ஒட்டி நிற்கும்போது இருபுறமும் முக்கோண இடைவெளி விழுகிறது. வளையம் அதை அடைக்காது. ஒரு கிளாண்டுக்கு ஒரு கம்பி என்பதே விதி. இடமில்லையென்றால் இரண்டு துளை கொண்ட ரப்பர் செருகி தனியாகக் கிடைக்கிறது. பயன்படாத துளைகளுக்கு அதற்குரிய மூடி போட வேண்டும், இன்சுலேஷன் டேப் அதற்கு ஆகாது.

பெட்டியின் அடியில் வாய் திறந்த பிவிசி குழாயை விட்டுவிட்டால் ஐபி எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பல்லிக்கு அது நேர்வழி. சூடும் இருட்டும் பூச்சியும் கிடைக்கும் இடத்தை அது விடாது. மின்சாரம் பாயும் உலோகப் பட்டையான பஸ்பாரில் இரு முனைகளுக்குக் குறுக்கே ஏறினால் பல்லியும் போய்விடும், உள்ளே பொறியும் பற்றிவிடும். எறும்பும் குளவியும் அப்படியே. வயலில் நிற்கும் சோலார் பம்புப் பெட்டிகளில் குளவி மண்கூடு கட்டுவது சாதாரணம்.

துளை பிசகிவிட்டால் சிலிக்கான் பசையால் அடைத்துவிடலாம் என்பார்கள். காடி வாடை அடிக்கும் வகைப் பசையைப் பெட்டிக்குள் விடவே கூடாது. அதிலிருந்து வெளியேறும் அமில ஆவி செம்பையும் இரும்பையும் அரிக்கும். அமிலம் விடாத நடுநிலை வகை தனியாக உண்டு. அதுவும் துணைக்குத்தான், கிளாண்டுக்கு மாற்றாகாது.

எங்கே, எப்படி வாங்குவது

காலிப் பெட்டிக்கு ஒரு தரநிலை, கருவிகள் பூட்டி முடித்த பெட்டிக்கு இன்னொன்று. முதலாவது ஐஇசி 62208, இரண்டாவது ஐஇசி 61439. கடைக்காரர் காட்டும் சான்று பெரும்பாலும் காலிப் பெட்டிக்குரியது. ஹென்சல், ஸ்பெல்ஸ்பெர்க் போன்றவர்களின் பாலிகார்பனேட் பெட்டியோ ரிட்டாலின் இரும்புப் பெட்டியோ எவ்வளவு தரமானதாக இருந்தாலும், அதைத் துளைத்து உள்ளே எம்சிபி பூட்டியவர்தான் முடிந்த பெட்டிக்குப் பொறுப்பு. அம்பத்தூரிலும் கோவையிலும் பேனல் போர்டு எனப்படும் மின்பெட்டிகளைச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். வரைபடம் போட்டு, கிளாண்டுத் துளைகளைப் பட்டறையிலேயே அளவாகப் போட்டுத் தருபவரைத் தேர்ந்தெடுத்தால் மாடியில் டிரில் வேலை பாதி குறைந்துவிடும்.

சோதனை அறிக்கை கேட்டால் முதல் பக்கத்தை மட்டும் அனுப்புவது வழக்கம். முழு அறிக்கையும் கேளுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். சோதித்த ஆய்வகம் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றதா என்பதை அந்த அமைப்பின் பட்டியலில் சரிபார்க்கலாம். உள்ளே இருக்கும் எம்சிபியில் நேர்மின்சார வோல்ட் அளவு அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மாறுமின்சார எம்சிபியை நேர்மின்சாரப் பெட்டியில் பூட்டி மலிவாக விற்பது நடக்கிறது. இதில் சமரசமே கூடாது. சில டிசி எம்சிபிக்களில் + − குறி இருக்கும். அவற்றை மாற்றி இணைத்தால் பொறியை அணைக்கும் திறன் போய்விடும்.

பெட்டி கைக்கு வந்ததும், கம்பி பூட்டும் முன், நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. கேஸ்கட் ஒரே ஊற்றாக முழுச் சுற்றும் ஓடுகிறதா, இல்லை பட்டையாக ஒட்டி மூலையில் வெட்டுவாய் தெரிகிறதா என்று பாருங்கள். மூடி விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி முடுக்கி இழுங்கள். எளிதாக உருவி வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் போதவில்லை. நான்கு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். இருட்டறையில், எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடினால், வெளிச்சம் கசியும் இடம் எதுவென்று கண்ணுக்கே தெரியும். ஒளி ஊடுருவும் மூடியென்றால் விளிம்பை மட்டும் கவனியுங்கள். மாட்டிய பிறகு பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீஷியனின் வேலை. பகலில் உள்ளே எப்போதும் மின்சாரம் இருக்கிறது, தொட்டால் ஆபத்து. ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், கேஸ்கட்டையும் திருகுகளின் இறுக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விலைப்புள்ளியில் "1 செட்" என்றிருக்கும் வரியை அடித்துவிட்டு இப்படி எழுதி வாங்குங்கள்: பெட்டியின் நிறுவனம், மாடல் எண், பாலிகார்பனேட், புற ஊதாத் தடுப்பு உள்ளது, வி-0, ஐபி 65 அல்லது மேல், சுவாச அடைப்பான் ஒன்று, ஒரு கம்பிக்கு ஒரு கிளாண்டு, எல்லாம் அடிப்பக்கம், எம்சிபி, எஸ்பிடி இரண்டின் டிசி வோல்ட் அளவு, பெட்டிக்குள் நீர் புகுந்தால் எத்தனை ஆண்டுவரை யார் மாற்றித் தருவார் என்பதும்.